பாசிஃபையர் பழகிய பச்சிளங்குழந்தை பால் குடிக்கத் தடுமாறினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பால் இல்லாமல் வெறுமனே சப்புவதற்காகக் குழந்தையின் வாயில் வைக்கும் ரப்பர் காம்புக்குக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்து வீடுகளில் வெறும் நிப்பிள், சூப்பி, ரப்பர் என்று பல பெயர்கள் உண்டு. கடையில் பாசிஃபையர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். விலை கொடுத்து வாங்காத வீட்டுக்கும் அது எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் அத்தையின் பெட்டியில் வரும். இல்லையேல் பார்க்க வந்தவர் யாராவது சண்டே மார்க்கெட் நடைபாதைக் கடையில் வாங்கிய பொம்மைகளோடு சேர்த்துக் கொண்டுவந்து வைப்பார். பேறுகாலப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், இப்போது அக்கம்பக்கத்தில் பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கப் போகும்போது, தலையணைக்கு அடியில் ஒன்று இருப்பதை அடிக்கடி காண்கிறேன். என்னிடம் வரும் புகார் ஒருபோதும் அதைப் பற்றி இருக்காது. "பால் பற்றவில்லை", "காம்பு புண்ணாகிவிட்டது", "ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை" என்றுதான் இருக்கும். ஆகையால் இந்த வழிமுறையையும் புகார்களின் பெயரிலேயே பிரித்திருக்கிறேன்.

எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்னும் இரண்டு கணக்குகளைப் பாருங்கள். ஒன்று, ஈரத்துணிக் கணக்கு: பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பிறகு, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை வெளிர்நிறச் சிறுநீர் கழிக்க வேண்டும், அந்த வாரத்தில் மஞ்சள் நிற மலமும் நாளுக்கு மூன்று நான்கு முறை போகும். டயப்பர் கட்டினால் இந்தக் கணக்கு குழம்பும் என்பதால், சந்தேகம் உள்ள நாட்களில் பழைய பருத்திப் புடவையைக் கிழித்த துணியே நல்லது. இன்னொன்று எடை: முதல் சில நாட்களில் பிறந்த எடையில் 7 முதல் 10 விழுக்காடு வரை குறைவது வழக்கம், 10 முதல் 14 நாட்களுக்குள் குழந்தை பிறந்த எடையை மீட்டிருக்க வேண்டும், அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும்.

குழந்தை பாலுக்கே எழாமல் துவண்டு கிடந்தாலும், உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியசைத் தொட்டாலும், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலும், மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கியிருந்தாலும், நான்கு நாட்களுக்குப் பிறகும் துணியில் செங்கல்பொடி நிறக் கறை படிந்தாலும், மேற்கொண்டு இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். கடலூரில் இருப்பவர்கள் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, புதுச்சேரியில் இருப்பவர்கள் எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, கோரிமேட்டு ஜிப்மருக்கோ உடனே செல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108.

அறிகுறி: குழந்தை அழுவதே இல்லை, எப்போதும் தூக்கம்; எடை மட்டும் ஏறவில்லை

எல்லா அறிகுறிகளிலும் இதைத்தான் முதலில் வைக்கிறேன். ஏனென்றால் இதை யாரும் பிழையாகவே எண்ணுவதில்லை. நெல்லிக்குப்பம் பக்கத்து வீடொன்றில் பதின்மூன்றாம் நாள் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். பிறந்த எடை 2.9 கிலோ, அன்று என் தராசில் 2.64 கிலோ. "அவ்வளவு சமத்துப் பிள்ளைம்மா, சிணுங்கினா இதை வச்சா அடங்கிடுது" என்று ஆயா பெருமையோடு சொன்னார். குழந்தையின் வாயில் நீல நிறப் பாசிஃபையர் இடைவிடாமல் அசைந்துகொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: ஒரு நொடிக்கு இரண்டு சப்பல். பால் வரும்போது குழந்தை அப்படிச் சப்பாது. ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை, ஆழமாக இழுத்து, தாடை இறங்கி, விழுங்கும் சத்தம் "க்ஹ்" என்று மெல்லக் கேட்கும். பாசிஃபையரை எடுத்ததும் குழந்தை அழவில்லை. தலையை இடப்பக்கம் திருப்பியது, வாயைக் குவித்தது, கையை வாய்க்குக் கொண்டுபோனது. மூன்றும் பசியின் அடையாளங்கள். அழுகை கடைசியில் வருவது. அந்த மூன்றும் வெளியே தெரியாதபடி பன்னிரண்டு நாட்களாக அந்த நீல ரப்பர் மறைத்துக்கொண்டிருந்தது.

பாசிஃபையர் செய்யும் கெடுதி பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு. பசி சொல்லும் வேளையில் வாய் அடைபட்டிருப்பதால், நாளுக்கு 8 முதல் 12 முறை குடிக்க வேண்டிய குழந்தை ஐந்தாறு முறையோடு நின்றுவிடுகிறது. குறைவாகக் குடித்த குழந்தை சோர்ந்து இன்னும் அதிகமாகத் தூங்குகிறது. அந்தத் தூக்கத்தை வீட்டார் வயிறு நிறைந்த தூக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

செய்ய வேண்டியது: இரண்டு வாரமாகியும் பிறந்த எடையை எட்டாத குழந்தையை அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டில், பாசிஃபையரை அறையை விட்டே அகற்றிவிடுங்கள். கண்ணில் பட்டால் கை தானாக அதன்மேல் போகும். குழந்தையின் மேல்துணியைக் களைந்து, தாயின் நெஞ்சோடு தோல் படும்படி சாய்த்து வைத்துக்கொண்டு, பகலில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறையும் இரவில் மூன்று மணி நேர இடைவெளிக்கு மிகாமலும் எழுப்பிப் பாலூட்டுங்கள். எழாவிட்டால் துணியை மாற்றுங்கள், உள்ளங்காலையும் முதுகையும் வருடுங்கள். சப்புவது மெலிந்து போகும்போது மார்பை மெல்ல அழுத்திக் கொடுத்தால் பால் பீறி வந்து குழந்தை மறுபடியும் விழுங்கத் தொடங்கும். குடித்து முடித்த பின் மிச்சத்தைப் பீச்சியெடுத்து, பாட்டிலில் அடைக்காமல், நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் சங்கிலோ பாலாடையிலோ ஊற்றி, தலையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் சாய்த்துப் பருகவிடுங்கள். பீச்சிய பால் அறையில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வெப்பம் வரைக்கும் பொருந்தும் கணக்கு. சித்திரை, வைகாசியில் கடலூர்ப் புழுக்கத்துக்கு அது ஒத்துவராது, ஆகவே பீச்சியவுடன் கொடுத்துவிடுங்கள். நான் சொன்ன அந்தக் குழந்தை, மருத்துவர் பார்த்து வேறு கோளாறு இல்லை என்று சொன்ன பிறகு, ஐந்து நாட்களில் 2.78 கிலோவுக்கு வந்தது. நாள் முழுக்க அழுததாகவும் ஆயா குறைப்பட்டுக்கொண்டார்.

அறிகுறி: மார்பில் வாய் வைத்ததும் நழுவுகிறது, "டிக் டிக்" என்று சத்தம் வருகிறது, காம்பில் புண்

மார்பைப் பற்றும்போது குழந்தை வாயை அகலத் திறந்து, நாக்கை கீழ் ஈறுக்கு மேல் நீட்டி, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து உள்வாங்குகிறது. காம்பின் நுனி அண்ணத்தின் மென்மையான பகுதிக்கு அருகே போய் நிற்கிறது. பாசிஃபையருக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டியதில்லை: உதட்டைக் குவித்து, நாக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாலே போதும். எல்லாக் குழந்தைகளும் இதனால் குழம்பிப்போவதில்லை. இரண்டையும் முதல் வாரத்திலேயே சேர்த்துப் பழகும் குழந்தைகளில் சில, மார்பிலும் நுனிக்காம்பை மட்டும் கவ்வத் தொடங்குகின்றன.

பால் குடித்து விட்டவுடன் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் பற்றுதல் சரி. புதிய லிப்ஸ்டிக்கின் நுனிபோல ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாகியிருந்தால், அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவில் காம்பு நசுங்குகிறது என்று பொருள். குழந்தையின் கன்னம் குடிக்கும்போது குழி விழுந்தாலும், நாக்கு விட்டு விட்டுப் பற்றும் அந்த "டிக்" சத்தம் கேட்டாலும் அதே பிழைதான்.

சரிசெய்ய, குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்கும்படி திருப்பிப் படுக்க வையுங்கள். முகத்தை மட்டும் திருப்பினால் பயனில்லை. காம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும். மேலுதட்டைக் காம்பால் வருடி, கொட்டாவி விடுவதுபோல வாய் திறக்கும் வரை காத்திருந்து, திறந்த கணத்தில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பை எடுத்துக்கொண்டு குழந்தையிடம் குனிந்தால் முதுகு வலிதான் மிஞ்சும். வலித்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி, மறுபடியும் வையுங்கள். பற்றுதல் திருந்தும் வரை பாசிஃபையர் வேண்டாம். நான்கைந்து நாட்கள் இப்படிச் செய்தும் வலி குறையாவிட்டால், நாக்கின் அடியில் உள்ள மெல்லிய சவ்வு குட்டையாக இருக்கிறதா என்று குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாசிஃபையரைத் தொட்டே இராத குழந்தைக்கும் அந்தக் கோளாறு இருக்கலாம்.

அறிகுறி: பால் குறைந்துவிட்டது, அல்லது மார்பு கல் போலக் கட்டிவிட்டது

கேட்பதற்கு எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. எடுக்க எடுக்கத்தான் பால் சுரக்கும். எடுக்காமல் தேங்கினால் முதலில் மார்பு கட்டிக்கொள்ளும், சில நாட்களில் உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஒரு வேளைப் பாலுக்குப் பதில் பாசிஃபையர் வைத்தால் அந்த வேளைப் பால் மார்பிலேயே நிற்கிறது. இரவில்தான் பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் மிகுதியாக இருக்கும். அந்த நேரத்து இரண்டு வேளையைத் தவறவிட்டால் இழப்பு பெரிது.

நம் கடற்கரையோரத்தில் இதற்கு முதல் மருந்து பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும். தாராளமாகச் சாப்பிடுங்கள், பிள்ளை பெற்ற உடம்புக்கு மீனும் வேண்டும், ருசியும் வேண்டும். ஆனால் எத்தனைச் சுறா சாப்பிட்டாலும் குழந்தை வந்து உறிஞ்சாத மார்பில் பால் கூடாது. இன்னொன்று கவனிக்க வேண்டியது மல்லிகை. பால் கட்டினால் மார்பில் மல்லிகைப் பூவைக் கட்டும் வழக்கம் உண்டு. 1988-இல் வெளியான ஓர் ஆய்வு, அது உண்மையிலேயே சுரப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. பால் நிறுத்த வேண்டியவருக்கு அது உதவும். குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையின் தாய்க்கு ஆகாது.

மார்பு கட்டியிருந்தால், வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சில நிமிடங்கள் ஒத்தி, கருவட்டம் இளகும் அளவுக்குக் கையால் சிறிது பீச்சிவிட்டு, பிறகு குழந்தையை வையுங்கள்; இறுகிய மார்பைச் சின்ன வாயால் கவ்வ முடியாது. குடித்த பின் குளிர்ந்த துணி இதமாக இருக்கும். சிவந்த திட்டும் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. சுரப்பு குறைந்திருந்தால், மூன்று நான்கு நாட்கள் பாசிஃபையர் இல்லாமல், குழந்தை கேட்கும்போதெல்லாம் இருபுறமும் கொடுத்துவிட்டு ஈரத்துணியை எண்ணுங்கள். மார்பு தளர்ந்து காணப்படுவதை வைத்துப் பால் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். சில வாரங்களில் மார்பு தளர்வது இயல்பே.

அறிகுறி: மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஓயாத அழுகை

பெரும்பாலான பச்சிளங்குழந்தைகள் மாலையில் அடுத்தடுத்துக் குடிக்கும்: பத்து நிமிடம் குடித்து, கால்மணி நேரம் சிணுங்கி, மறுபடியும் கேட்கும். அதைப் பால் பற்றாக்குறை என்று நினைத்துப் பால்பவுடர் டப்பாவைத் திறப்பவர்களே அதிகம். வரிசையாகப் பாருங்கள்: கடைசியாகக் குடித்து எவ்வளவு நேரமாயிற்று, ஏப்பம் வந்ததா, துணி நனைந்திருக்கிறதா, மின்விசிறி நின்று வியர்க்கிறதா. அதன்பின் மார்பையே மறுபடியும் கொடுங்கள்.

இத்தனையும் பார்த்தாகிவிட்டது, குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்துவிட்டது, எடை ஒழுங்காக ஏறுகிறது, தாய்க்குக் குளிக்கவும் நான்கு வாய் சாப்பிடவும் நேரம் வேண்டும். இந்த நிலையில் பதினைந்து நிமிடம் பாசிஃபையர் கொடுப்பதில் நான் குற்றம் காண மாட்டேன். தாய்ப்பால் ஊட்டல் வெற்றிபெற உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் வகுத்த பத்துப் படிகளில் ஒன்பதாவது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்றது; 2018-இல் திருத்தியபோது, பாட்டிலையும் பாசிஃபையரையும் பயன்படுத்துவது பற்றியும் அதன் ஆபத்துகள் பற்றியும் தாய்க்கு எடுத்துரைக்க வேண்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், நிறைமாதத்தில் நலமாகப் பிறந்து, தாய்ப்பால் கொடுக்க உறுதியோடு இருக்கும் தாயிடம் வளரும் குழந்தைகளுக்கு, நான்கு மாதம் வரை பாசிஃபையரால் தாய்ப்பாலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே கண்டது. என் அனுபவம் இதற்கு முரணானது போலத் தோன்றலாம். என்னைக் கூப்பிடுவது பால் ஏற்கெனவே சிக்கலில் இருக்கும் வீடுகள்தான். அங்கே பாசிஃபையர் சிக்கலின் காரணமாகவும் இருக்கும், சிக்கலை மறைக்க வந்த போர்வையாகவும் இருக்கும்.

குறைமாதக் குழந்தையின் கதை வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் வழியே பால் செல்லும் குழந்தைக்குச் சப்பும் பழக்கம் வருவதற்காகச் செவிலியரே பாசிஃபையரையோ, பால் பீச்சிய வெறும் மார்பையோ கொடுக்கச் சொல்வார்கள். அதனால் வாயால் குடிக்கும் நிலைக்கு விரைவில் வரும். அந்த அறிவுரையைப் பின்பற்றுங்கள், என்னுடையதை அல்ல.

அறிகுறி: பாசிஃபையர் விழுந்தவுடன் விழிப்பு, இரவில் பத்து முறை எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது

விழுந்ததை மறுபடியும் வைக்காதீர்கள். தூங்கப்போகும் நேரத்தில் பாசிஃபையர் கொடுப்பது, குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோகும் திடீர் மரண ஆபத்தைக் குறைக்கிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்வது உண்மை. தாய்ப்பால் நன்கு நிலைபெற்ற பிறகு தொடங்க வேண்டும் என்பதையும், தூங்கிய பின் விழுந்தால் திரும்ப வைக்கத் தேவையில்லை என்பதையும் அதுவே சேர்த்துச் சொல்கிறது. விழித்து அழும் குழந்தைக்கு முதலில் பால். பிறகும் அடங்காவிட்டால் தட்டிக் கொடுங்கள், தோளில் போடுங்கள். விழுந்துவிடக் கூடாதென்று கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டுவதோ, தூளியின் துணியில் கட்டித் தொங்கவிடுவதோ உயிருக்கே உலை வைக்கும்.

அறிகுறி: நாக்கில் வெள்ளைப் படலம்; தாய்க்குக் காம்பில் எரிச்சல்

சுத்தமான ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் வந்துவிடுவது பால். கன்னத்தின் உட்புறத்திலும் படிந்து, துடைத்தால் வராமலோ, வந்த இடம் சிவந்தோ இருந்தால் பூஞ்சைத் தொற்று. தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருக்கும். மருந்து முடியும் வரை பாசிஃபையரை நாள்தோறும் கொதிக்க வையுங்கள். முடிந்ததும் தூக்கியெறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.

அறிகுறி: பாசிஃபையரே பிசுபிசுக்கிறது, விரிந்திருக்கிறது, உள்ளே தண்ணீர் நிற்கிறது

லேடெக்ஸ் ரப்பர் நாளாக நாளாகப் பிசுபிசுத்து உப்பும்; சிலிக்கான் கிழியும். ஒவ்வொரு முறையும் கொடுப்பதற்கு முன் காம்பைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கீறலோ தளர்வோ இருந்தால் குப்பைக்குப் போகட்டும். ஒரே வார்ப்பாகச் செய்ததும், உதட்டுக்கு வெளியே நிற்கும் தட்டு 38 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையாததும், தட்டில் காற்றுத் துளைகள் உள்ளதும்தான் பாதுகாப்பானது. தட்டும் காம்பும் தனித்தனியாக ஒட்டிய மலிவுச் சரக்கு பிரிந்து தொண்டையில் சிக்கும். கொதிக்கும் நீரில் முழுக அமிழ்த்தி ஐந்து நிமிடம் வைத்து, உள்ளே புகுந்த நீரைப் பிழிந்து, உலரவிடுங்கள். போர்த் தண்ணீரில் கொதிக்க வைத்தால் உப்புப் பொருக்கு படியும். குடிக்கும் தண்ணீரையே பயன்படுத்துங்கள். கீழே விழுந்ததைப் பெரியவர் தன் வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தேன், சர்க்கரைத் தண்ணீர், உரைத்த வசம்பு எதிலும் தோய்க்க வேண்டாம்; ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்னும் நரம்பு நச்சு நோய் வரக்கூடும்.

அறிகுறி: கொடுத்தால் துப்பிவிடுகிறது

சரிசெய்வதற்கு இதில் ஒன்றுமில்லை. தேனைத் தடவியோ, வேறு வடிவத்தில் நான்கு வாங்கியோ பழக்க முயல வேண்டாம். அத்தை கேட்டால், பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, சாக்லேட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.